லூசியாவின் விளக்கும் தரங்கம்பாடி அச்சும்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)



நம் பள்ளியில் டிசம்பர் மாதம் நடந்த பண்பாட்டு விழாவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒவ்வொரு வகுப்பும் ஒரு நாட்டையோ மாநிலத்தையோ எடுத்து, அதன் உடை, உணவு, விழா, வரலாறு ஆகியவற்றை அரங்கமாக அமைக்க வேண்டும் என்று தலைமை ஆசிரியை அருட்சகோதரி அவர்கள் அறிவித்தார்கள். எந்த வகுப்புக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார்கள். ஒன்பதாம் வகுப்புக்குக் கேரளம் வந்தது. எட்டாம் வகுப்புக்கு ஜப்பான் வந்தது. எங்கள் சீட்டைப் பிரித்தபோது, “வட ஐரோப்பிய நாடுகள்” என்று எழுதியிருந்தது. எங்கள் முகங்கள் வாடிவிட்டன. கேரளம் என்றால் முண்டும் நேரியதும் உண்டு, ஓணப் பூக்கோலம் உண்டு. ஜப்பான் என்றால் காகித விசிறி உண்டு. வட ஐரோப்பாவுக்கு நாங்கள் என்ன செய்வது? “பஞ்சை உதறிப் பனி என்று சொல்லிவிடலாம்” என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தோம்.

அன்று மாலை வீட்டில் இதைச் சொன்னேன். கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த என் பாட்டி முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “ஏங்கண்ணு, அவங்க நம்மளுக்கு என்ன ஆவணும்?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பூகோளப் புத்தகத்தில் அந்த நாடுகளின் தலைநகரங்களை மனப்பாடம் செய்திருக்கிறேன். ஆனால் அவர்களுக்கும் நமக்கும் என்ன உறவு என்று எந்தத் தேர்விலும் என்னை யாரும் கேட்டதில்லை. பாட்டியின் அந்த ஒரு கேள்விக்கு விடை தேடிப் படித்தவற்றையே இக்கட்டுரையில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சிலுவைக் கொடி பறக்கும் ஐந்து நாடுகள்

டென்மார்க், நார்வே, சுவீடன், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய ஐந்தும் ‘நார்டிக்’ நாடுகள் எனப்படும். ‘நார்டிக்’ என்றால் வடக்கைச் சேர்ந்தது என்று பொருள். 1962-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் இந்த ஐந்து நாடுகளும் ஹெல்சிங்கி நகரில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. சட்டம், கல்வி, பண்பாடு, பொருளாதாரம் ஆகியவற்றில் ஒத்துழைப்பதே அதன் நோக்கம். ஆகவே மார்ச் 23 ‘நார்டிக் நாள்’ எனக் கொண்டாடப்படுகிறது.

ஐந்து நாடுகளின் கொடிகளிலும் சிலுவை உண்டு. அச்சிலுவையின் நெடுங்கோடு கொடியின் நடுவில் இல்லாமல் கம்பத்தின் பக்கமாகச் சற்றுத் தள்ளி இருக்கும். சிவப்பு நிறத்தில் வெள்ளைச் சிலுவை உடைய டென்மார்க் கொடியே இவற்றில் மூத்தது. 1219-ஆம் ஆண்டு எஸ்டோனியாவில் நடந்த போரின்போது அக்கொடி வானத்திலிருந்து விழுந்தது என்று அந்நாட்டு மக்கள் ஒரு கதை சொல்வார்கள்.

இந்நாடுகள் பூமியின் வட உச்சிக்கு அருகில் இருப்பதால் அங்கே ஒளியும் இருளும் நம் ஊர் போல இல்லை. கோடையில் வடகோடியில் நள்ளிரவிலும் சூரியன் மறைவதில்லை. குளிர்காலத்தில் பல நாட்கள் சூரியன் உதிப்பதே இல்லை. நம் பொம்மிடியில் டிசம்பர் மாதத்திலும் ஏறத்தாழ 11½ மணி நேரம் பகல் உண்டு. சேர்வராயன் மலைக்குப் பின்னால் கதிரவன் மறைந்த பிறகும் சற்று நேரம் வெளிச்சம் இருக்கும். சுவீடனின் தலைநகரான ஸ்டாக்ஹோமில் அதே டிசம்பரில் பகல் ஏறத்தாழ 6 மணி நேரம்தான். பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்குப் போய் இருட்டிலேயே வீடு திரும்புவார்கள். ஆகவே அவர்களின் விழாக்களில் விளக்குக்கு இவ்வளவு முதன்மை ஏன் என்பது எனக்குப் புரிந்தது. நமக்கு மழை எப்படியோ, அவர்களுக்கு வெளிச்சம் அப்படி.

நம் புனிதை, அவர்கள் விழா

சுவீடன் நாட்டின் விழாக்களைத் தேடியபோது எனக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. டிசம்பர் 13-ஆம் நாள் அங்கே ஊர்தோறும், பள்ளிதோறும் கொண்டாடப்படுவது புனித லூசியாவின் விழா! நம் திருப்பலியில் நினைவுகூரப்படும் அதே கன்னியும் மறைசாட்சியுமான லூசியாள்தான். அவர் இத்தாலியின் தெற்கே உள்ள சிசிலித் தீவில் சைரகூஸ் நகரில் பிறந்தவர். தியோக்கிளேசியன் பேரரசன் காலத்தில் 304-ஆம் ஆண்டளவில் விசுவாசத்திற்காக உயிர் துறந்தார். ‘லூசியா’ என்னும் பெயர் ஒளி என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சுரங்கக் கல்லறைகளில் ஒளிந்திருந்த கிறிஸ்தவர்களுக்கு அவர் உணவு கொண்டுபோனார் என்றும், இரண்டு கைகளும் உணவைச் சுமக்க வேண்டியிருந்ததால் விளக்கைத் தலையில் சூடிக்கொண்டார் என்றும் ஒரு மரபுக்கதை உண்டு.

பழைய நாட்காட்டியின்படி லூசியாவின் இரவே ஆண்டின் மிக நீண்ட இரவு என்று சுவீடன் மக்கள் கருதி வந்தார்கள். அவ்விரவில் ஒரு பெண் வெள்ளை அங்கி உடுத்தி, இடையில் சிவப்புப் பட்டை கட்டி, தலையில் மெழுகுவர்த்தி முடி சூடி, பாடிக்கொண்டு முன்னே நடக்கிறாள். மற்றப் பிள்ளைகள் கையில் விளக்கேந்தி அவளைப் பின்தொடர்கிறார்கள். குங்குமப்பூ சேர்த்த மஞ்சள் நிற ரொட்டியை எல்லோருக்கும் வழங்குகிறார்கள். முன்பு வீடுகளிலும் சில வட்டாரங்களிலும் இருந்த இவ்வழக்கம், 1927-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் ஒரு செய்தித்தாள் லூசியாவைத் தேர்ந்தெடுக்கும் போட்டி நடத்திய பிறகு நாடெங்கும் ஊர்வலமாகப் பரவியது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 16-ஆம் நூற்றாண்டில் வட நாடுகள் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்து லுத்தரன் சபையைத் தழுவின. புனிதர்களின் விழாக்கள் பல அங்கே மறைந்துபோயின. ஆனால் சிசிலித் தீவின் இந்த ஏழைபங்காளியை அவர்கள் விடவில்லை. திருச்சபை பிரிந்தபோதும் புனிதை பிரியவில்லை.

மற்ற விழாக்களும் சுவையானவை. டென்மார்க்கில் கிறிஸ்துமஸ் இரவு விருந்தில் பாலும் அரிசியும் சேர்ந்த இனிப்பு உண்டு. நம் பால் பொங்கலின் தங்கை என்றே சொல்லலாம். அதற்குள் ஒரே ஒரு முழு வாதுமைப் பருப்பை ஒளித்து வைப்பார்கள். யார் வாய்க்கு அது கிடைக்கிறதோ அவருக்குப் பரிசு. நார்வேயில் மே 17 அரசியல் சட்ட நாள். 1814-ஆம் ஆண்டு எய்ட்ஸ்வோல் என்ற ஊரில் அவர்களின் அரசியல் சட்டம் உருவானது. அந்நாளில் தலைநகர் ஆஸ்லோவின் பெரிய ஊர்வலத்தில் பீரங்கி வண்டிகள் போவதில்லை. பள்ளிப் பிள்ளைகள்தாம் கொடி பிடித்து, வாத்தியம் முழங்க, அரண்மனையைக் கடந்து போகிறார்கள். அரச குடும்பம் மாடத்தில் நின்று கையசைக்கிறது.

ஒரு மனத்தாங்கல்

எங்கள் அரங்கில் லூசியா ஊர்வலம் நடத்துவது என்று முடிவாயிற்று. உடனே எழுந்தது கேள்வி: லூசியா யார்? எனக்கு மிகவும் ஆசை. கதையைத் தேடிக் கண்டுபிடித்தவள் நான்தான் என்ற எண்ணமும் இருந்தது. ஆனால் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல், “நல்லா வெள்ளையா இருக்கிறவதான் லூசியாவா வரணும். இல்லேன்னா பார்க்கிறவங்க நம்ப மாட்டாங்க” என்றது. யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. நான் கறுப்பு. பவுடர் பூசிக்கொள்ளலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் உண்மையை எழுதுவதுதான் கட்டுரை என்று எங்கள் தமிழாசிரியை கற்றுக்கொடுத்திருக்கிறார். இதன் முடிவைப் பின்னால் சொல்கிறேன். அதற்குமுன் பாட்டியின் கேள்விக்கு வருவோம்.

நம் கரையில் ஒரு டென்மார்க்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போயிருந்தோம். திரும்பும்போது கடற்கரைச் சாலையில் தரங்கம்பாடியில் வண்டியை நிறுத்தி, கடலோரம் இருந்த மஞ்சள் நிறக் கோட்டையின் முன் படம் எடுத்துக்கொண்டோம். தம்பியும் நானும் அலையில் காலை நனைத்தோம். “யாரோ வெள்ளைக்காரன் கோட்டை” என்றார் அப்பா. அவ்வளவுதான். அந்தக் கோட்டைதான் என் பாட்டியின் கேள்விக்கு விடை என்று அன்று எனக்குத் தெரியாது. கண் இருந்தும் காணாதவளாய் வந்துவிட்டேன்.

தரங்கம்பாடி இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ளது. அலைகள் பாடும் இடம் என்று அதன் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். 1620-ஆம் ஆண்டு டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியன் அனுப்பிய கப்பல்கள், ஓவே யெட்டே என்ற தளபதியின் தலைமையில் நம் கரைக்கு வந்தன. தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் அவர்களோடு உடன்படிக்கை செய்து, இவ்வூரில் கோட்டை கட்டி வாணிகம் நடத்த அனுமதி தந்தார். அதற்காக அவர்கள் ஆண்டுதோறும் பணம் செலுத்த வேண்டும். நாயக்கர் டென்மார்க் மன்னருக்குப் பொன்னேட்டில் எழுதி அனுப்பிய மடல் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அவர்கள் கட்டிய கோட்டையின் பெயர் டான்ஸ்போர்க். டேனியரின் கோட்டை என்பது அதன் பொருள்.

மிளகையும் பருத்தித் துணியையும் நாடி வந்த டேனியர் 225 ஆண்டுகள் இங்கே இருந்தனர். 1845-ஆம் ஆண்டு தரங்கம்பாடியையும் வங்காளத்தில் இருந்த சேரம்பூரையும் சேர்த்து 12½ லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். ஆனால் கோட்டையும், 1792-இல் கட்டிய நகர வாயிலும், அரசர் தெருவும், தேவாலயங்களும் இன்றும் நிற்கின்றன. அவற்றுக்கு மிக அருகில், கடல் அரித்த கரையில், பாண்டியர் காலத்து மாசிலாமணி நாதர் கோயிலும் நிற்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இவ்வூரையும் தாக்கிப் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று.

மணலில் எழுதிய மாணவர்

தரங்கம்பாடியின் பெருமை துணியிலும் மிளகிலும் இல்லை. எழுத்தில் இருக்கிறது. 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் இரண்டு இளைஞர்கள் அங்கே கப்பலிலிருந்து இறங்கினர். அவர்கள் பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரிக் புளூட்சோவும் ஆவர். அவர்கள் பிறப்பால் ஜெர்மானியர். அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக்.

அப்போது சீகன்பால்குக்கு வயது ஏறத்தாழ 24. அவர் தமிழ் கற்ற விதம் நம்மைப் போன்ற மாணவிகள் எண்ணிப் பார்க்கத் தக்கது. தமிழ் ஆசிரியர் ஒருவரைச் சிறு பிள்ளைகளோடு வரவழைத்து, அப்பிள்ளைகளோடு தானும் தரையில் அமர்ந்து, விரலால் மணலில் அ, ஆ எழுதிப் பழகினார். நாம் பள்ளிக்குச் சேர்ந்த நாளில் அரிசியில் எழுதியதுபோல! பிறகு ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்துப் படித்தார். தமிழ் மக்களுக்கு மடல் எழுதி, அவர்களின் வழக்கங்களையும் எண்ணங்களையும் கேட்டு, அவர்கள் எழுதிய விடைகளை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்.

1712-இல் தரங்கம்பாடிக்கு அச்சு இயந்திரம் வந்தது. அடுத்த ஆண்டு ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்தன. 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி முடிந்தது. காகிதம் போதாமல் பக்கத்தில் உள்ள பொறையாரில் காகித ஆலையும் தொடங்கினார்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார்கள். அதில் நாம் மறக்கக் கூடாதது, பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி வைத்ததாகும். பெண் படித்து என்ன செய்யப்போகிறாள் என்று உலகமே கேட்ட காலம் அது. சீகன்பால்கு 1719-இல் தமது 36-ஆம் வயதில் இறந்தார். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

நாம் நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தமிழில் முதன்முதல் அச்சேறிய நூல் தரங்கம்பாடியில் பிறக்கவில்லை. இந்தியாவில் அச்சான முதல் தமிழ் நூல் ‘தம்பிரான் வணக்கம்’. அதை இயேசு சபைக் குருவான ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் 1578-இல் கொல்லத்தில் வெளியிட்டார். ஆனால் அந்தப் பணி சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று. அணைந்த விளக்கை மீண்டும் ஏற்றியது தரங்கம்பாடி.

சண்டை போட்ட சகோதரர்கள்

அந்நாளில் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் நண்பர்களாக இருக்கவில்லை. நம் வீரமாமுனிவர் (1680–1747) தரங்கம்பாடியாரை மறுத்து ‘வேத விளக்கம்’, ‘லுத்தேரினத்தியல்பு’ முதலிய நூல்களை எழுதினார். அவர்களும் விடை எழுதினார்கள். சொற்கள் கடுமையாகவே இருந்தன. ஆயினும் இப்போது திரும்பிப் பார்த்தால் ஒரு நன்மை தெரிகிறது. இரு தரப்பாரும் எளிய மக்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகச் செய்யுளை விட்டு உரைநடையில் எழுதினார்கள். நாம் இன்று கட்டுரை எழுதும் உரைநடை வளர்ந்ததில் இருவருக்கும் பங்கு உண்டு.

இன்று நிலைமை மாறிவிட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–1965) பிரிந்த சகோதரரை அன்போடு நோக்கக் கற்றுக்கொடுத்தது. 1999-இல் இரு சபையாரும் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் மீட்பைப் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். 2016 அக்டோபர் 31 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் சுவீடன் நாட்டின் லுண்ட் நகருக்குச் சென்று, லுத்தரன் பேராலயத்தில் அவர்களோடு சேர்ந்து செபித்தார். இதைப் படித்தபோது, நம் பள்ளியில் வட நாட்டு அரங்கம் அமைப்பதும் ஒரு சிறிய செபம்தான் என்று எனக்குத் தோன்றியது.

கோட்டையின் நிழல்

ஒரு நாட்டைக் கொண்டாடும்போது நல்லதை மட்டும் சொல்லி அல்லதை மறைக்கலாமா? கூடாது என்பது என் எண்ணம். டான்ஸ்போர்க் கோட்டை வாணிகத்துக்காகவும் அதிகாரத்துக்காகவும் கட்டப்பட்டது. அந்நாளில் நம் கரையில் இருந்த மற்ற ஐரோப்பியரைப் போலவே டேனியரும் மனிதரை அடிமைகளாக வாங்கி விற்றார்கள். தரங்கம்பாடியிலிருந்தும் அடிமைகள் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்கள் பஞ்சத்தாலும் கடனாலும் நொந்த ஏழைகள். அவர்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. பிற்காலத்தில், 1792-இல், டென்மார்க் அரசு தன் அட்லாண்டிக் அடிமை வாணிகத்தை 1803 முதல் நிறுத்துவதாக ஆணை பிறப்பித்தது.

சீகன்பால்கும் அந்தக் கோட்டையின் கொடுமையை அனுபவித்தவரே. ஓர் ஏழை விதவையின் கடன் வழக்கில் அவள் பக்கம் நின்றதால் ஆளுநரின் சினத்துக்கு ஆளாகி, 1708–09-இல் ஏறத்தாழ நான்கு மாதம் அங்கே சிறைப்பட்டார். கோட்டை ஒன்றுதான். அதற்குள் சிறை வைத்தவரும் உண்டு, சிறைப்பட்டவரும் உண்டு. வட நாட்டுப் பாரம்பரியம் என்று நாம் கொண்டாடும்போது இவ்விருவரில் யாரைக் கொண்டாடுகிறோம் என்று தெரிந்து கொண்டாட வேண்டும்.

அன்புக்கு உதாரணமாக இன்னொருவரையும் சொல்ல வேண்டும். 1909-இல் டென்மார்க்கிலிருந்து வந்தவர் ஆன் மரி பீட்டர்சன் அம்மையார். அவர் காந்தியடிகளின் கொள்கைகளை ஏற்றார். பரங்கிப்பேட்டையில் பெண்பிள்ளைகளுக்காகச் ‘சேவா மந்திர்’ என்ற பள்ளியைத் தொடங்கினார். 1921-இல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் காந்தியடிகளே. கோட்டை கட்ட வந்தவர்களின் நாட்டிலிருந்தே பள்ளி கட்டவும் ஒருவர் வந்தார். நமக்கு அருகில், அரூர் வழியாகத் திருவண்ணாமலைக்குப் போனால், அங்கே டேனிஷ் மிஷன் மேல்நிலைப் பள்ளியைக் காணலாம். இந்த உறவு வெறும் ஏட்டில் உள்ளது அல்ல என்பதற்கு அதுவே சாட்சி.

அங்கே நம்மவர்

உறவு என்பது ஒருவழிப் பாதை அன்று. யாழ்ப்பாணத்துக் குருநகரைச் சேர்ந்த அந்தோனி இராஜேந்திரம் 1956-இல் நார்வேக்குச் சென்றார். அங்கே மீன்பிடித் தொழிலைக் கற்று, நார்வே நண்பர்களின் துணையோடு தம் ஊர் மீனவருக்காகச் ‘சீநோர்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் வழியாகவே தமிழ் இளைஞர் பலர் அந்நாட்டுக்குப் போனார்கள். 1983-ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் இலங்கைத் தமிழர் ஆயிரக்கணக்கில் நார்வேயிலும் டென்மார்க்கிலும் அடைக்கலம் புகுந்தனர்.

பனி பெய்யும் அந்த ஊர்களில் அவர்கள் தமிழை விட்டுவிடவில்லை. வார இறுதியில் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளி நடத்துகிறார்கள். பொங்கல் கொண்டாடுகிறார்கள். தமிழில் திருப்பலி காண்கிறார்கள். டென்மார்க்கின் பிராண்டே என்ற ஊரில் அபிராமி அம்மன் கோயில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் 1988-இல் பிறந்து, மூன்று வயதில் பெற்றோரோடு நார்வே சென்ற ஹம்சாயினி குணரத்தினம் 2015-இல் ஆஸ்லோ நகரத் துணை மேயரானார். 2021-இல் நார்வே நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மே 17 ஊர்வலத்தில் நார்வேக் கொடி பிடித்து நடக்கும் பிள்ளைகளில் இன்று தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு.

நானூறு ஆண்டுகளுக்கு முன் அவர்கள் நம் கரைக்கு வந்தபோது இடம் கொடுத்தது தஞ்சை. நம்மவர் வீடிழந்து போனபோது இடம் கொடுத்தன வட நாடுகள்.

லூசியாவாக வந்தவள்

இனி, நான் பாதியில் விட்ட கதை. நிறத்தைப் பற்றிய அந்தப் பேச்சு எனக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. சுவீடனில் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று தேடினேன். 2016-ஆம் ஆண்டு அங்கே ஒரு கடையின் விளம்பரத்தில் கறுப்பு நிறப் பிள்ளை ஒன்று லூசியா உடையில் நின்றது. சிலர் அதை இழிவாக ஏசினார்கள். விளம்பரம் எடுக்கப்பட்டுவிட்டது. உடனே அந்நாட்டு மக்கள் பலர் அந்தப் பிள்ளையின் பக்கம் நின்று பேசினார்கள். அழகைப் பார்த்து ஒருத்தியைத் தேர்வது மற்றவர் மனத்தை வருத்தும் என்று, அங்கே பல பள்ளிகளில் இப்போது சீட்டுப் போட்டே லூசியாவைத் தேர்கிறார்கள் என்பதையும் அறிந்தேன்.

மறுநாள் எழுந்து நின்று, “சிஸ்டர், லூசியா சுவீடனில் பிறக்கவில்லை. சிசிலியில் பிறந்தவர். அவர் எந்த நிறம் என்று யாருக்கும் தெரியாது. அவர் விளக்குத்தான் எல்லோருக்கும் தெரியும். நாமும் சீட்டுப் போடலாமா?” என்று கேட்டேன். குரல் நடுங்கியது. வகுப்பு அமைதியாக இருந்தது. சிஸ்டர் சிறிது நேரம் என்னைப் பார்த்துவிட்டு, “இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் பிள்ளைகளே” என்றார்கள். 38 சீட்டுகள் எழுதினோம்.

சீட்டு எனக்கு விழவில்லை. கடைசி வரிசையிலிருந்து அன்று பேசினாளே, அவளுக்கே விழுந்தது! அவளும் என்னைவிட வெள்ளை இல்லை. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “எனக்கா? நான் எப்படி?” என்று தயங்கினாள். “நீதான்” என்றேன். அப்படிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கடினமாகத்தான் இருந்தது.

விழா நாளில் நெருப்பு வேண்டாம் என்று அட்டை முடியில் சிறு மின்விளக்குகளைப் பொருத்தினோம். குங்குமப்பூவுக்கு எங்கே போவது? நம் ஊர் மஞ்சள்தூள் சிறிது சேர்த்துச் சுட்ட ரொட்டி, அச்சு அசல் படத்தில் கண்ட நிறத்தில் வந்தது. பள்ளி மண்டபத்தின் விளக்குகளை அணைத்துவிட்டு அவள் முடியோடு நடந்து வந்தபோது, அவள் என்ன நிறம் என்று யாரும் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் அந்த வெளிச்சத்தில் இருந்தது. நான் தரங்கம்பாடிப் படத்தின் அருகே கோலோடு நின்று, வந்தவர்களுக்கெல்லாம் கோட்டையையும் அச்சையும் அடிமைக் கப்பலையும் விளக்கினேன். பஞ்சுப் பனியும் ஒரு மூலையில் இருந்தது. சிறு பிள்ளைகளுக்கு அதுதான் மிகவும் பிடித்தது.

பாட்டியும் வந்திருந்தார். மஞ்சள் ரொட்டியைத் தின்றுகொண்டே நான் சொன்னதை முழுவதும் கேட்டார். நம் எழுத்தை மணலில் எழுதிப் படித்தவர் கதையைக் கேட்டதும் சிரித்தார். அடிமைக் கதையைக் கேட்டதும் முகம் மாறியது. கடைசியில், “நல்லதும் செஞ்சிருக்காங்க, கெட்டதும் செஞ்சிருக்காங்க. நம்ம சனமும் அங்க போய்ப் பொழைக்குது. அப்போ தூரத்துச் சொந்தம்னு சொல்லு கண்ணு” என்றார்.

தோழியரே, வேறொரு நாட்டின் பாரம்பரியத்தைக் கொண்டாடுவது என்றால் அவர்களைப் போல உடுத்துவதோ, அவர்களைப் போலத் தோன்ற முயல்வதோ அன்று. அவர்கள் ஏற்றிய விளக்கு எது, அதன் ஒளி நம் வீட்டில் எங்கே விழுந்தது, அதன் நிழல் யார்மேல் விழுந்தது என்று அறிந்துகொள்வதே கொண்டாட்டம். 2006-இல் சீகன்பால்கு வந்த முந்நூறாம் ஆண்டு விழா தரங்கம்பாடியில் கொண்டாடப்பட்டது. அடுத்த முறை வேளாங்கண்ணிக்குப் போகும்போது நீங்களும் அங்கே இறங்குங்கள். கோட்டையின் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு உள்ளேயும் போங்கள். மணலில் ஓர் எழுத்தை எழுதிப் பாருங்கள்.

வரும் ஆண்டில் எந்தச் சீட்டு எந்த வகுப்புக்கு வந்தாலும் யாரும் முகம் வாட வேண்டாம். நமக்கு உறவில்லாத நாடு என்று ஒன்று இல்லை. தேடாததுதான் குறை.

ஒளியாகிய ஆண்டவர் நம் அனைவரையும் வழிநடத்துவாராக!